புறப்பட நேர்ந்தால் எந்த நாடு? தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரங்களில், வெளிநாட்டுச் செய்தி ஒன்று பெரிதாகும்போதெல்லாம் ஒரு பேச்சு தலைதூக்குகிறது. எங்கோ போர் மூண்டு மக்கள் எல்லையைக் கடந்து ஓடும் காட்சியையோ, குடியுரிமையை இழந்த ஒருவரின் வழக்கையோ தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், இங்கே அப்படி ஒரு நிலை வந்தால் நாம் எங்கே போவது என்று கேட்கின்றனர். பெரும்பாலும் மூன்று விடைகள் கிடைக்கும். இந்தியா நம் பூர்வீகம், அங்கே போய்விடலாம் என்பது முதல் விடை. சிங்கப்பூர் பக்கத்தில் இருக்கிறது, தமிழும் அங்கே ஆட்சிமொழி என்பது இரண்டாவது. ஆஸ்திரேலியாவில் அகதி விசா எடுத்துத் தருவதாக ஏஜெண்டு சொன்னார் என்பது மூன்றாவது.

மலேசியாவில் இன்று அத்தகைய நிலை இல்லை. அது வரப்போவதாக இக்கட்டுரை கூறவும் இல்லை. ஆனால் இந்த மூன்று விடைகளும் ஒரே தவறான எண்ணத்தின்மேல் நிற்கின்றன. புறப்படுகிறவர்தான் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே அந்த எண்ணம். கட்டாயத்தின் பேரில் நாட்டை விட்டுப் போனவர்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அவர்களுடைய விருப்பத்தைவிட, வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருந்த காகிதங்களே அதிகமாக முடிவு செய்திருப்பது தெரியும்.

முதலில் சொற்கள்

பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடும் நான்கு சொற்களைச் சட்டம் தனித்தனியாக வைத்திருக்கிறது.

1. குடிபெயர்பவர்: வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடும்பத்தோடு சேர்வதற்காகவோ வேறு நாட்டின் அனுமதியைப் பெற்றுச் செல்பவர். அனுமதிப்பதும் மறுப்பதும் முழுக்க அந்த நாட்டின் விருப்பம்.

2. அகதி: 1951 ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஒன்றின் பொருட்டுத் தாம் துன்புறுத்தப்படுவோம் என்று நியாயமான அடிப்படையோடு அஞ்சி, தம் நாட்டுக்கு வெளியே இருப்பவர். வறுமை இந்த ஐந்தில் இல்லை. வேலையின்மையும் இல்லை. போர் நடக்கிறது என்பது மட்டும்கூட இந்த இலக்கணத்தை நிறைவு செய்யாது.

3. புகலிடம் கோருபவர்: தம்மை அகதி என்று ஏற்கும்படி விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர். விண்ணப்பம் போட்டுவிட்டதாலேயே ஒருவர் அகதியாகிவிடுவதில்லை.

4. நாடற்றவர்: எந்த நாட்டின் சட்டமும் தன் குடிமகனாக ஏற்காதவர். இவர் எங்கும் நகராமல், பிறந்த தோட்டத்திலேயே இருந்துகொண்டும் நாடற்றவராக இருக்கலாம். குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்த பெரியவர்களைத் தோட்டப்புறத்தில் அறியாதார் குறைவு. அவர்களுள் பலர் இந்த வகையினர்.

தொடக்கத்தில் 1951 உடன்படிக்கை, அந்த ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கே பொருந்துவதாக இருந்தது. 1967 ஆம் ஆண்டின் நெறிமுறை அந்தக் கால எல்லையை நீக்கியது. இதில் கையொப்பமிட்ட நாடு, அகதி ஒருவரை அவர் அஞ்சும் இடத்துக்கே திருப்பி அனுப்புவதில்லை என்ற கடமையை ஏற்கிறது.

இந்த இடத்தில் நிலப்படத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. மலேசியா கையொப்பமிடவில்லை. சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவையும் கையொப்பமிடவில்லை. இந்தியாவும் இலங்கையும் அவ்வாறே. சாலையிலும் படகிலும் குறுகிய விமானப் பயணத்திலும் நாம் சென்றடையக்கூடிய நாடுகளுள், தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழும் எதுவும் அகதிக்குச் சட்டப்படியான இடத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் விளைவை நம் நாட்டிலேயே கண்ணால் காணலாம். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டையை வைத்திருக்கும் மியன்மார் நாட்டவர்கள் பல ஆண்டுகளாக நம்மிடையே வாழ்கின்றனர். அந்த அட்டை மட்டும் அவர்களுக்கு வேலை செய்யும் உரிமையையோ, பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்கும் உரிமையையோ தந்துவிடவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வலிமையானது, விசா இல்லாமலே பல நாடுகளுக்குப் போகலாம் என்பது உண்மை. ஆனால் அது வருகையாளராக நுழைவதற்கான வசதி மட்டுமே. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்தை எடுத்தாலும் 90 நாட்களுக்கு மேல் அவ்வாறு தங்க முடியாது. ஆசியான் உறுப்பு நாடுகளிடையேயும் நினைத்த இடத்தில் குடியேறும் உரிமை கிடையாது. கதவைத் திறந்துவிடுவது வேறு, வீட்டில் தங்க விடுவது வேறு.

காகிதம் முடிவு செய்த பயணங்கள்

*இலங்கை மலையகம்.* நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட மக்களின் கதை என்பதால், இதிலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறப்பைப் பதிந்து வைத்தவர்கள் எத்தனை பேர்? விளைவாக, மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, ஏறத்தாழ 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

திரும்பியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் தொடங்கப்பட்டன. தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தனர். சொந்த ஊருக்குத் திரும்புவதாகக் காகிதம் சொன்னது. அந்த ஊரில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'.

*பர்மா.* 1962 இல் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1964 இல் பெரிய மதிப்புள்ள நாணயத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. சுமார் மூன்று இலட்சம் இந்திய வம்சாவளியினர் வெளியேறினர். சென்னையின் பர்மா பஜார் அவர்களுடைய மறுவாழ்வின் அடையாளம். அதைவிடச் சிந்திக்க வைக்கும் அடையாளம் மணிப்பூரின் எல்லையூரான மோரேயில் இருக்கிறது. தமிழகத்தில் ஒட்ட முடியாமல் பர்மாவுக்கே நடந்து திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் குடியிருப்பு அது. மொழி ஒன்றாக இருந்தால் வாழ்க்கையும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் மோரேயை நினைத்துக்கொள்ள வேண்டும்.

*உகாண்டா.* 1972 ஆகஸ்டில் அந்நாட்டு அதிபர் இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். பெரும்பாலோரின் தாய்மொழி குஜராத்தி, உறவினர் இந்தியாவில். ஆயினும் 27,000-க்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தது பிரிட்டனுக்கு. அவர்களிடம் பிரிட்டிஷ் கடப்பிதழ் இருந்ததே காரணம். பல ஆயிரம் பேரைக் கனடா ஏற்றுக்கொண்டது. உகாண்டா குடியுரிமையை எடுத்திருந்து, ஆவணக் குறைபாடு என்று சொல்லி அது பறிக்கப்பட்டவர்கள்தாம் மிகுந்த இக்கட்டில் சிக்கினர்.

*ஈழம்.* 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வெளியேறிய ஈழத்தமிழர்களுள், கையில் பணமில்லாதவர்கள் படகேறி இராமேசுவரம் சென்றனர். ஏஜெண்டுக்குக் கொடுக்க முடிந்தவர்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். நாற்பது ஆண்டுகளை ஒட்டிப் பார்க்கும்போது வேறுபாடு திகைக்க வைக்கிறது. கடல் மைல் கணக்கில் மிக அருகில், மொழியும் கோயிலும் உணவும் ஒன்றாக இருந்த தமிழகத்தில், பல்லாயிரம் பேர் இன்னும் முகாம்களில் இருக்கின்றனர். 2021 இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது, குடியுரிமைக் கேள்வி தீரவில்லை. மொழி தெரியாத, பனி உறையும் கனடாவில் அவர்களுடைய உறவினர்கள் குடிமக்களாகி, 2011 இல் தங்களுள் ஒருவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினர். கனடா 1951 உடன்படிக்கையை ஏற்று, அதைத் தன் உள்நாட்டுச் சட்டமாகவும் ஆக்கியிருந்தது. தமிழகத்து மக்களின் பாசத்தில் குறையில்லை. பாசத்தைச் சட்டமாக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை.

*மலேசியா.* நமக்கும் இது புதியதன்று. மலாயா விடுதலை பெற்றபோது, வெளிநாட்டில் பிறந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி இருந்தது. முதல் ஓராண்டில் மலாய் மொழித் தகுதியும் தளர்த்தப்பட்டிருந்தது. தோட்டத்துக்கு வெளியே நடப்பது எட்டாத காரணத்தால் பலர் அந்த வாய்ப்பைத் தவறவிட்டனர். அதன் விலை பத்தாண்டு கழித்தே தெரிந்தது. 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினர். ரஜுலா கப்பலில் அனுப்பி வைத்த உறவினரைப் பற்றிய பேச்சு இன்றும் சில வீடுகளில் உண்டு. ஒரே லயத்தில், ஒரே பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்றவர்களுள் குடிமகனுக்குரிய நீல அட்டை வைத்திருந்தவர் தங்கினார். சிவப்பு அட்டை வைத்திருந்தவர் போனார்.

இந்தியா: பூர்வீகம் எத்தனை தலைமுறைக்குச் செல்லும்?

மலேசிய இந்தியர் ஒருவர் இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அவருக்கென உள்ள சிறப்பு வழி, 'ஓசிஐ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியினர் அட்டை. பெயரில் குடி என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை அன்று. வாழ்நாள் முழுவதும் செல்லும் விசா என்பதே சரியான பொருள். அட்டை வைத்திருப்பவர் அங்கே தங்கலாம், வேலை செய்யலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது. விவசாய நிலமும் தோட்ட நிலமும் விலைக்கு வாங்க முடியாது. தோட்டத்தில் உழைப்பதற்காகவே நாடு கடந்தவர்களின் கொள்ளுப்பேரன், திரும்பிப் போனால் வாங்க இயலாத ஒரே வகை நிலம் தோட்டமும் வயலுமாக இருப்பது காலத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

தகுதி யாருக்கு? சட்டத்தின் மூல வரையறை, 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்த ஒருவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை செல்கிறது. இதை நம் குடும்ப வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போம். மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவியளித்து அனுப்புவதை இந்திய அரசு 1938 ஜூனில் நிறுத்தியது. ஆகவே, தோட்டக் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றின் முதல் தலைமுறை அதற்கு முன்பே வந்துவிட்டது. 1905 இல் பிறந்து 1925 இல் கப்பலேறிய ஒருவரை எடுத்துக்கொண்டு, தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கணக்கிட்டால், 1930 இல் பிள்ளை, 1955 இல் பேரன், 1980 இல் கொள்ளுப்பேரன். கப்பலேறியவரிலிருந்தே எண்ணினால், 2005 இல் பிறந்த எள்ளுப்பேத்தி மூல வரையறைக்கு வெளியே நிற்கிறாள். ஒரே வீட்டில் தகப்பனுக்குத் தகுதி உண்டு, மகளுக்கு ஐயம். சில நாடுகளின் வம்சாவளியினருக்கு இந்திய அரசு இந்த எல்லையைப் பின்னர் தளர்த்தியுள்ளது. மொரீசியஸுக்கு 2024 இல் ஏழாம் தலைமுறை வரை நீட்டிப்பதாக அறிவித்தது. ஆகவே, விண்ணப்பிக்கும் நாளில் மலேசியர்களுக்குப் பொருந்தும் விதியைத் தூதரகத்தில் கேட்டறிவது இன்றியமையாதது.

எல்லை எத்தனை தலைமுறைக்கு நீண்டாலும் சான்று காட்டும் சுமை நீங்காது. கொள்ளுத்தாத்தா சேலத்துக்காரர் என்பது குடும்பத்துக்குத் தெரியும். அதைக் காகிதம் சொல்ல வேண்டும்.

ஓசிஐ இல்லாமல் சுற்றுலா விசாவில் போய்த் தங்கிவிடலாம் என்பது மிகத் தவறான யோசனை. காலம் கடந்து தங்கியவர் இந்தியச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' ஆகிறார். அவருக்குப் பதிவு மூலமாகவும், நீண்டகால வசிப்பின் மூலமாகவும் குடியுரிமை பெறும் இரு வழிகளும் அடைபடுகின்றன. மாறாக, ஓசிஐ அட்டையை ஐந்தாண்டு வைத்திருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு இந்தியாவில் வசித்தவர் முழுக் குடியுரிமை கேட்கலாம்.

சிங்கப்பூர்

சிங்கப்பூர் வேலை தரும் நாடு. புகலிடம் தரும் நாடு அன்று. அகதிகளை ஏற்க இயலாது என்பது அதன் நெடுநாளைய நிலைப்பாடு. மலேசியர்களுக்கு வேலை அனுமதி கிடைப்பது மற்றவர்களைவிட எளிது என்றாலும், அந்த அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் தங்கும் உரிமையும் உடன் போகும். நிரந்தரவாசத் தகுதியை அரசு தன் விருப்பப்படி வழங்குகிறது. பெற்றோரின் வழியாக அத்தகுதி பெறும் மகன்கள் தேசிய சேவை ஆற்ற வேண்டும்.

ஆஸ்திரேலியாவும் ஏஜெண்டின் வாக்குறுதியும்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் சிறுநகரங்களில் பணம் பறிபோவது இங்கேதான்.

ஆஸ்திரேலியாவுக்குள் செல்லுபடியாகும் வருகையாளர் அனுமதியோடு நுழைந்தவர், அங்கிருந்தபடியே, அகதியாக ஏற்கக் கோரும் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்தில் ஓர் இடைக்கால விசா கிடைக்கும். பெரும்பாலும் வேலை செய்யவும் முடியும். மலேசியர்கள் இணையத்தின் வழி வருகையாளர் அனுமதியை எளிதாகப் பெற முடிவதால், பழத்தோட்ட வேலைக்கு ஆள் சேர்ப்போர் இந்த இடைவெளியைப் பயன்படுத்தினர். 2010களின் பிற்பகுதியில், விமானத்தில் வந்து பாதுகாப்பு விசா கேட்டவர்களுள் மிகப் பெரிய குழு மலேசியர்களாகவே இருந்தது. மிகப் பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. சம்பளம் போதவில்லை என்பது ஐந்து காரணங்களுள் எதிலும் அடங்காது என்பதை மேலே பார்த்தோம்.

விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நிராகரிக்கப்பட்டவர் அந்நாட்டுக்குள் இருந்தபடி வேறு விசாக்களுக்கு விண்ணப்பிப்பது பெருமளவு தடுக்கப்படுகிறது. விசா முடிந்து 28 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால், மூன்றாண்டு நுழைவுத் தடைக்கு ஆளாகலாம். பின்னாளில் வேறு நாட்டின் விண்ணப்பப் பாரத்தில், எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததுண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டியிருக்கும். ஏஜெண்டு விற்றது விசா என்று நினைத்தவர், உண்மையில் வாங்கியது ஒரு நிராகரிப்பை. படகில் போவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை: 2013 ஜூலை 19-க்குப் பின் விசா இல்லாமல் படகில் வந்தவர்களை நாட்டில் குடியமர்த்துவதில்லை என்பது அந்நாட்டின் அறிவிக்கப்பட்ட கொள்கை.

நேர்மையான வழி திறன் அடிப்படையிலான குடியேற்றம். அதற்கான புள்ளிக் கணக்கில் வயதுக்கு மட்டும் 25 முதல் 32 வரையுள்ளவர்களுக்கு 30 புள்ளிகள்; 45 வயதை எட்டியவருக்கு அந்தக் கதவு பொதுவாக மூடப்படுகிறது. தாதியர் பயிற்சி, மின்சார வேலை, பற்றவைப்பு போன்ற சான்றிதழுள்ள தொழில்களும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் இங்கே காகிதமாகின்றன. பெற்றோரை அழைத்துக்கொள்ளும் விசாவின் வரிசையோ பல ஆண்டு நீளமானது. ஆகவே, இந்த வழியில் போகும் குடும்பம், குறைந்தது சில காலமாவது, தாத்தா பாட்டியை விட்டுவிட்டே போகிறது.

பினாங்கில் பிறந்தவரின் பிரிட்டிஷ் கடப்பிதழ்

விருப்பம் கண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று ஒன்று உண்டு. பினாங்கும் மலாக்காவும் பிரிட்டனின் நேரடிக் குடியேற்றப் பகுதிகளாக இருந்தவை. ஆகவே, 1957-க்கு முன் அங்கே பிறந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளுள் சிலரும், மலேசியக் குடிமக்களாக இருந்துகொண்டே ஒரு பிரிட்டிஷ் தகுதியையும் தக்க வைத்திருந்தனர். பேராக், பாதுகாப்புக்கு உட்பட்ட சுல்தானிய மாநிலம். எனவே, சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் பிறந்தவருக்கு இத்தகுதி பொதுவாக இல்லை, மாநில எல்லைக்கு அப்பால் நிபோங் திபாலில் பிறந்த அவருடைய மைத்துனருக்கு இருக்கலாம். 1983 இல் இத்தகுதிக்கு 'பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்' என்ற பெயர் வந்தது. இதற்கெனத் தனிக் கடப்பிதழ் உண்டு. பிரிட்டனில் குடியேறும் உரிமை மட்டும் அதில் இல்லை.

2002 இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், இத்தகுதியைத் தவிர வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாதவர்கள் முழுப் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்றது. பிரிட்டனில் இருந்த மலேசியர்கள் பலர், தவறான ஆலோசனையைக் கேட்டு, மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிட்டால் தங்களுக்கும் வேறு குடியுரிமை இல்லை என்றாகிவிடுமே என்று எண்ணித் துறந்தனர். சட்டத்தின் அடுத்த வரியோ, 2002 ஜூலை 4-க்குப் பின் வேறு குடியுரிமையைத் துறந்தவருக்கு இவ்வழி பொருந்தாது என்றது. பிரிட்டன் ஏற்கவில்லை, மலேசியாவோ துறந்தவரைக் குடிமகனாகக் கருதவில்லை. பலர் பல்லாண்டுகள் இரு நாட்டுக்கும் நடுவே சிக்கி நின்றனர். போர் இல்லை, கலவரம் இல்லை. ஒரு பாரத்தில் இட்ட கையொப்பம் மட்டுமே காரணம்.

குடியுரிமையைக் கைவிடும் விதி

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 24 ஆவது பிரிவின்படி, தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றவரின் குடியுரிமையை அரசாங்கம் பறிக்கலாம். 23 ஆவது பிரிவின்படி, 21 வயது நிரம்பி, வேறு நாட்டின் குடிமகனாக இருப்பவரோ ஆகப்போகிறவரோ தாமாகவே துறக்கலாம். அதற்குரியது 'கே' பாரம். துறந்தவர் ஊழியர் சேமநிதி வாரியத்தில் உள்ள தம் சேமிப்பை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகையை முன்வைத்துத் துறக்கச் சொல்லும் ஆலோசனை வந்தால் ஐயத்தோடு கேட்க வேண்டும். புதிய நாட்டின் எழுத்துபூர்வமான ஒப்புதல் கையில் வராமல் 'கே' பாரத்தைத் தொடக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை

எந்த நாடு பிடிக்கும் என்பதில் தொடங்காமல், பின்வரும் வரிசையில் கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

1. எந்த நாடு என்னை உள்ளே விட்டே ஆக வேண்டிய சட்டக் கடமையைக் கொண்டுள்ளது? குடியுரிமை, ஓசிஐ போன்ற தகுதி, வாழ்க்கைத் துணையின் குடியுரிமை ஆகியவை இதில் அடங்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தப் பட்டியலில் ஒரு நாடு இருக்கும், அல்லது எதுவும் இராது.

2. அங்கே சட்டப்படி வேலை செய்ய முடியுமா? தங்கும் அனுமதி இருந்தும் வேலை உரிமை இல்லாவிட்டால், சேமிப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பதே விடை.

3. பத்தாண்டுக்குப் பின் பிள்ளையின் நிலை என்ன? அங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டா, அல்லது அதுவும் நாடற்றதாகுமா? மலையகமும் தமிழக முகாம்களும் இந்தக் கேள்வியை மூன்றாவது இடத்தில் வைக்கச் சொல்கின்றன. என் கருத்தில் இதை இரண்டாவது இடத்துக்கே உயர்த்தலாம்.

4. யாரை உடன் அழைத்துச் செல்ல முடியாது?

5. மொழி, உணவு, கோயில், உறவு, தட்பவெப்பம். இவை வாழ்க்கையின் சுவைக்கு முக்கியமானவை. ஆனால் முதல் நான்கும் ஒத்துவந்த பின்பே எண்ணத்தக்கவை.

அலமாரியில் இருக்க வேண்டியவை

மேற்கண்ட ஒவ்வொரு வழியும் இறுதியில் பிறப்புப் பத்திரத்தில் வந்து முடிகிறது. தோட்டப்புற ஆவணங்களில் இரு குறைகள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, பெயரின் எழுத்துக்கூட்டல். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) தம் காதில் விழுந்தபடி எழுதினார். சுப்பிரமணியம் என்ற ஒரே மனிதர் தம் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், மகனின் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும், திருமணப் பதிவில் மூன்றாவது விதமாகவும் இருப்பார். வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் மூவர். இரண்டாவது, பெயருக்கு நடுவே வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற குறிகள். மகன், மகள் என்பதைக் காட்டும் இவற்றை வெளிநாட்டுப் பாரங்கள் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்வதும், தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகக் கருதுவதும் உண்டு.

திருத்தக்கூடிய பிழைகளைத் தேசியப் பதிவிலாகாவில் திருத்திக்கொள்ளலாம். அது இயலாத இடத்தில், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியப் பிரமாணப் பத்திரம் உதவும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும் என்பதால் தேவை இல்லாத காலமே இதற்கு ஏற்ற காலம்.

கொள்ளுத்தாத்தாவின் பிறப்பூருக்குச் சான்று தேடுவோர், அவருடைய பழைய இந்தியக் கடப்பிதழ், கப்பல் பயணச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், சிவப்பு அடையாள அட்டை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். தோட்ட அலுவலகத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) ஏடுகள், தோட்டம் கைமாறியபோதும் ரப்பர் செம்பனையாக மாறியபோதும் பல இடங்களில் தொலைந்து போயின. ஆனால் லயங்கள் இடிக்கப்பட்ட பின்னும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி நகரத்துக்கு இடம் மாறி இன்றும் நடந்துகொண்டிருந்தால், அதன் பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் தாத்தாவின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் பிறந்த நாளும் ஒரே வரியில் கிடைக்க வாய்ப்புண்டு. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்டு, பள்ளி முத்திரையுடன் ஒரு நகல் பெற்று வைக்கலாம்.